கொடுத்தது கடவுளா? கஜானாவா?

(அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களும் சர்க்கார் மான்யமும் என்பது பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்நாட்டுச் சர்க்கார் கொடுத்து வரும் மான்யப் பணத்தைப் பற்றியதாகும். "அமெரிக்காக்காரன் மாட்டுக்கு எவன் பணம் கொடுத்தால் நமக்கென்ன? நம் ஊர்ச் சங்கதியைப் பேசலாகாதா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவது நியாயமே. ஆனால் பகுத்தறிவு என்பது நம் வீட்டு அடுப்போடு நின்றுவிடும் சரக்கல்ல. எந்த நாட்டிலானாலும் பணம் என்று ஒன்று கை மாறும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கொடுப்பவன் யார்? வாங்குகிறவன் யார்? கொடுத்ததாக யாருடைய பெயர் சொல்லப்படுகின்றது? இம் மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்த நாட்டின் மதம், தர்மம், ஜாதி, கௌரவம் எல்லாம் நமக்குத் தாமே விளங்கிவிடும்.

கவுண்டியும் புல்லும்

அமெரிக்காவில் மாகாணங்களைப் பல கவுண்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நம் தாலுகா, ஜில்லா போன்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. மேற்குப் பக்கத்துக் கவுண்டிகளில் பல, மழை குறைந்த வறண்ட பூமி. நெல், கோதுமை விளையாது, புல் முளைக்கும். அந்தப் புல்லை மாடு தின்னும். அந்த மாட்டை மனிதன் தின்னுவான். ஒரு பசுவும் கன்றும் பிழைக்கவே பல ஏக்கர் தேவைப்படும் இடங்கள் அவை.

அந்தப் புல்நிலத்தில் பெரும்பகுதி பண்ணைக்காரனுடைய சொந்தமன்று. சர்க்காருடைய பொது நிலம். சர்க்காரின் நில நிர்வாக இலாகா ஒன்று மட்டும் சுமார் 15 கோடியே 50 லட்சம் ஏக்கரை மேய்ச்சலுக்கு விட்டிருக்கின்றது. 1934-ம் வருஷத்து மேய்ச்சல் சட்டம் முதல் இதற்கு அனுமதிச் சீட்டும் கட்டணமும் உண்டு. ஒரு பசுவும் அதன் கன்றும், அல்லது அய்ந்து ஆடுகள், ஒரு மாதம் மேய்வதற்கு இவ்வளவு என்று கணக்கு. 1.35 டாலருக்குக் கீழே அந்தக் கட்டணம் இறங்கக்கூடாது என்று விதி. 2019 முதல் 2025 முடிய ஏழு வருஷமும் அதற்கு மேலே ஏறவுமில்லை! அதே மாடு ஒரு தனி மனிதன் நிலத்தில் மேய்ந்தால் 20 டாலர் அளவிலும், அதற்கு மேலும் கூலி கொடுக்க வேண்டும்.

"பொது நிலத்தில் வேலிச் செலவும் தண்ணீர்ச் செலவும் எங்கள் தலையில் விழுகின்றனவே" என்று பண்ணைக்காரர்கள் சொல்லுகிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் 20-க்கும் 1.35-க்கும் உள்ள தூரம் முழுவதையும் அந்த வேலிக் கம்பி அடைத்துவிடாது என்பதை, கணக்குத் தெரிந்த எந்தச் சிறுவனும் சொல்லுவான்.

ஜெபமும் வரைபடமும்

நிற்க. வறட்சி வந்தால் என்ன ஆகின்றது? அதுதான் இன்றைய பேச்சின் முக்கிய பாகம்.

2007-ம் வருஷம் ஜார்ஜியா மாகாணத்தில் கடும் வறட்சி. மாகாண கவர்னர் சன்னி பெர்டியூ என்பவர் நவம்பர் 13-ந் தேதி சட்டசபை மாளிகையின் படிகளில் நின்று, பாதிரிகளையும் ஜனங்களையும் கூட்டி மழைக்கு ஜெபம் நடத்தினார். ஒரு சிறு மழையும் பெய்தது. பக்தர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். ஆனால் அடுத்த மாதமே, அட்லாண்டா நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் லேனியர் ஏரி, அது கட்டப்பட்ட நாள் முதல் அதுவரை கண்டிராத அளவுக்கு வற்றிப்போயிற்று. தூறலுக்குக் கடவுள் காரணமென்றால் வற்றியதற்கு யார் காரணம்?

2011-ல் டெக்சாஸ் மாகாணத்தில் இன்னும் பெரிய வறட்சி. கவர்னர் ரிக் பெர்ரி என்பவர் ஏப்ரல் 22 முதல் 24 முடிய மூன்று நாட்களை மழை ஜெப நாட்களென்று சர்க்கார் முத்திரையுடனேயே பிரகடனம் செய்தார். புனித வெள்ளி முதல் ஈஸ்டர் வரை. கிறிஸ்தவர்களுக்கு அதைவிட விசேஷமான நாட்கள் கிடையா. பலன் என்ன? அந்தக் கோடை, அம்மாகாணத்தில் அதுவரை பதிவான கோடைகளிலெல்லாம் வெப்பம் மிகுந்ததாயிற்று. அக்டோபர் மாத ஆரம்பத்தில் மாகாணத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 88 பாகம் கடைசிப் படி வறட்சியில் கிடந்தது. ஜெபத்துக்கு முன் இருந்ததைவிட ஜெபத்துக்குப் பின் அதிக மோசம்! நாம் ஜெபத்தால் மோசமாயிற்று என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் மூடநம்பிக்கைதான். ஜெபத்துக்கும் மழைக்கும் சம்பந்தமேயில்லை என்றுதான் சொல்லுகின்றோம்.

மழை ஜெபம் இப்படி என்றால், மாட்டைக் காப்பாற்றியது எது? தோழர்களே, அது ஒரு வரைபடம்! 1999 முதல் நெப்ராஸ்கா சர்வகலாசாலையிலுள்ள வறட்சி ஆராய்ச்சி நிலையத்தாரும், விவசாய இலாகாவாரும், வானிலை இலாகாவாரும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு முறை ஒரு படம் வெளியிடுகிறார்கள். எங்கே எவ்வளவு மழை பெய்தது, மண்ணில் ஈரம் எவ்வளவு, ஆற்றில் நீர் எவ்வளவு என்று அளந்து, வறட்சியை நான்கு படிகளாகப் பிரித்து நிறம் தீட்டியிருப்பார்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மேய்ச்சல் வறட்சி மான்யம் என்கிற பணம் கொடுக்கப்படுகின்றது.

2014-ம் வருஷத்துச் சட்டம் சொன்னது இது: மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டி இரண்டாம் படி வறட்சியில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால் ஒரு மாதத்து மான்யம். மூன்றாம் படியைத் தொட்டால் மூன்று மாதத்து மான்யம். நான்காம் படி நான்கு வாரம் நின்றால் அய்ந்து மாதத்து மான்யம். மாட்டுத் தீவனச் செலவில் நூற்றுக்கு 60 பாகம் என்று கணக்கு. ஒருவருக்கு ஒரு வருஷத்தில் 1,25,000 டாலர் வரை உச்ச அளவு. 2025-ல் வந்த சட்டம் அந்த 8 வாரத்தையும் 4 வாரமாகக் குறைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2008-ல் ஏற்பட்ட பழைய திட்டம் 2011 செப்டம்பர் 30-ந் தேதியோடு காலாவதியாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் சட்டமேயில்லை. பிறகு 2014-ல் சட்டம் செய்தபோது, 2011 அக்டோபர் 1-ந் தேதி முதல் நஷ்டப்பட்டவர்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார்கள். சர்க்கார் தான் தவறவிட்டதைப் பின்தேதி போட்டுக் கொடுக்கின்றது. பின்தேதி போட்டு மழை பெய்வித்த கடவுள் உண்டா? 2011-ல் செத்த மாட்டுக்கு 2014-ல் புல் கொடுத்த தேவன் உண்டா? கேளுங்கள்!

ஜார்ஜியாவில் ஜெபம் நடத்தினாரே, அந்தப் பெர்டியூ, அவரே 2017 முதல் 2021 வரை அமெரிக்க தேசம் முழுமைக்கும் விவசாய மந்திரியாக இருந்தார். அப்போது பண்ணைக்காரன் எத்தனை நாள் ஜெபம் செய்தான் என்று கேட்டா செக் எழுதினார்கள்? அந்த வாரத்துப் படத்தில் உன் கவுண்டி என்ன நிறம் என்று பார்த்துத்தான் எழுதினார்கள். படிக்கட்டில் பக்தி, ஆபீசில் விஞ்ஞானம்! பக்தர்களுக்கே பணம் என்று வந்தவுடன் கடவுளிடத்தில் நம்பிக்கை கிடையாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

நம்மவர் சிரிக்க இடமில்லை. 2019-ல் நம் தமிழ்நாட்டு அறநிலையத் துறையும் கோவில்களில் மழை யாகம் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பிற்று. அங்கே பைபிள், இங்கே வருண ஜெபம். அவ்வளவுதான் வித்தியாசம்.

விண்கலம் உடைந்தால் மாட்டுக்குப் பணம்

கணக்கையும் அளவையும் பார்த்துக் கொடுக்கும்போதுகூட, கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்லுகின்றோம். கதையல்ல, நடந்தது.

2002, 2003 ஆகிய இரு வருஷங்களில் கால்நடை நஷ்டஈட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. வறட்சிக்காக என்று ஆரம்பித்தார்கள். பிறகு, வறட்சி மாத்திரமல்ல, சர்க்கார் எந்த ஆபத்தை அறிவித்திருந்தாலும் அந்தக் கவுண்டிக்குப் பணம் உண்டு என்று விரித்துவிட்டார்கள். நஷ்டப்பட்டதாக ருஜு கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை மாடு என்று சொன்னால் போதும். தலைக்கு இவ்வளவு என்று செக் வந்துவிடும்.

'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 2006-ல் சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் புரட்டி இதை வெளிப்படுத்திற்று. மொத்தம் செலவான 120 கோடி டாலரில், 63 கோடியே 50 லட்சம், சுமாரான வறட்சி மாத்திரம் இருந்த அல்லது வறட்சியே இல்லாத இடங்களுக்குப் போயிருந்தது. வாஷிங்டன் மாகாணத்தில் ஒரு கவுண்டியில் பூகம்பம் வந்ததற்காக மாட்டுக்காரர்களுக்கு 16 லட்சம் டாலர். அந்தப் பூகம்பத்தால் அவர்கள் மாடு ஒன்றுக்கும் ஆபத்தில்லை. 2003 பிப்ரவரியில் கொலம்பியா என்ற விண்கலம் வானத்தில் உடைந்து, ஏழு பேர் மாண்டு, துண்டுகள் கிழக்கு டெக்சாஸ் பக்கத்தில் விழுந்தன. சிதறலைப் பொறுக்கிச் சேர்ப்பதற்காக அக்கவுண்டிகளை ஆபத்துப் பிரதேசமென்று அறிவித்தார்கள். அவ்வளவுதான்! நூற்றுக்கணக்கான மாட்டுக்காரர்களுக்கு சுமார் 50 லட்சம் டாலர் பட்டுவாடா ஆயிற்று!

ஏழு பேர் செத்த துக்கத்தில் மாட்டுக்குத் தீவனப் பணம்! நம் நாட்டில் ஒருவன் செத்தால் புரோகிதனுக்குப் பசு தானம் கொடுக்கிறார்களே, அது நினைவுக்கு வருகின்றதா, இல்லையா? சாவுக்கும் பசுவுக்கும் என்ன சம்பந்தம் என்று இங்கே கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். அங்கே ஒரு பத்திரிகை கேட்டது. அதனால்தான் விஷயம் வெளிவந்தது.

எவன் பிச்சைக்காரன்?

அமெரிக்காவில் மாடு மேய்ப்பவனைப் பற்றி ஒரு புராணம் உண்டு. குதிரைமேல் ஏறி, ஒருவர் தயவுமின்றித் தன் கையாலேயே பிழைக்கும் சுத்த வீரன் என்று படமாகவும் பாட்டாகவும் காட்டி வைத்திருக்கிறார்கள். புராணம் என்றால் கணக்குப் பார்க்கக்கூடாது என்று அர்த்தம். நாம் கணக்குப் பார்ப்போம்.

நெவாடா மாகாணத்தில் கிளார்க் கவுண்டியில் கிளைவன் பண்டி என்பவர் 1993 முதல் பொது நிலத்தில் மாடு மேய்த்துவிட்டுக் கட்டணம் கொடுக்க மறுத்து வந்தார். மாட்டை வெளியேற்றும்படி 1998-ல் கோர்ட்டும் உத்தரவிட்டது. பாக்கியும் அபராதமும் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏறிற்று. 2014-ல் சர்க்கார் மாடுகளைப் பிடிக்கப் போனபோது துப்பாக்கி ஏந்திய கூட்டம் கூடி நின்று அதிகாரிகளைத் திருப்பி அனுப்பிற்று. பின்னர் வழக்கு நடந்தது. சர்க்கார் வக்கீல்கள் சாட்சியங்களை மறைத்த குற்றத்தால் 2018-ல் அது தள்ளுபடியாயிற்று. அது வேறு விஷயம். நாம் கவனிக்க வேண்டியது, அதே 2014-ல் அவர் பேசிய பேச்சை. சர்க்கார் உதவி வாங்கும் கறுப்பு மக்களைக் குறித்து, அவர்கள் அடிமைகளாகவே இருந்து பருத்தி பொறுக்கியிருந்தால் மேலாக இருந்திருக்குமோ என்று யோசிப்பதாகச் சொன்னார்!

தோழர்களே! பொதுப் புல்லை இருபது வருஷம் கட்டணமின்றி மேய்த்தவர் சுதந்திர வீரர். சோற்றுக்குச் சர்க்கார் சீட்டு வாங்குகிற ஏழை சோம்பேறி. இது எந்த ஊர் நியாயம்? நமக்கு இது மிகவும் தெரிந்த நியாயம்தான். மானியமும் தட்சணையும் வாங்குகிறவன் மேல்ஜாதி. உழுது, வெட்டி, சுமந்து கூலி கேட்கிறவன் கீழ்ஜாதி என்று படித்தவர்கள்தாமே நாம்!

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2025-ல் வந்த அந்தச் சட்டத்திலேயே, உணவுச் சீட்டு வாங்கும் ஏழைகளில் உடல் வலுவுள்ள, சிறு பிள்ளைகளில்லாதவர்கள், 64 வயது வரையிலும், மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ பயிற்சி பெற்றதாகவோ காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். முன்னே இது 54 வயது வரைதான் இருந்தது. ஒரே சட்டம்! அதில் ஒரு பக்கம் மாட்டுக்காரனுக்கு 8 வாரம் 4 வாரமாக இளகுகின்றது. மற்றொரு பக்கம் பட்டினிக்காரனுக்கு 54 வயது 64 ஆக இறுகுகின்றது. ஒரே பேனாவால் எழுதியதுதான்.

வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள்

மான்யம் நிலமுள்ளவனுக்கும், குத்தகைக்கு எடுத்தவனுக்கும், மந்தை வைத்திருப்பவனுக்கும் போகின்றது. மந்தையின் பின்னால் நடப்பவனுக்கு? மேற்கு மாகாணங்களில் மலைமேல் ஆட்டு மந்தையோடு மாதக்கணக்காகத் தனியே கிடப்பவர்களில் பலர், தென் அமெரிக்காவின் பெரு தேசத்திலிருந்து தற்காலிக அனுமதியில் வந்த கூலிகள். வறட்சி மான்யத்தில் ஆட்டுக்குக் கணக்கு உண்டு. ஆட்டோடு நடந்தவனுக்குக் கணக்கு இல்லை.

இது இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1933-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் விலை ஏறுவதற்காகப் பருத்திப் பயிரை உழுது அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். பணம் நிலச்சொந்தக்காரன் கைக்குப் போயிற்று. வாரத்துக்கு உழுதவனுக்குப் பங்கு சரிவரப் போய்ச் சேரவில்லை; நிலம் குறைந்தபடியால் அவனை வெளியேற்றவும் ஆரம்பித்தார்கள். அப்போதுதான் 1934-ல் ஆர்க்கன்சா மாகாணத்தில் டைரன்சா என்ற சிற்றூரில், 11 வெள்ளையரும் 7 கறுப்பருமாகப் பதினெட்டுப் பேர் கூடி ஒரே குடியானவர் சங்கம் கண்டார்கள். நிறபேதம் தலைவிரித்தாடிய அந்நாளில், அந்தப் பூமியில், இரு நிறத்தாரும் ஒரே சங்கமாக உட்கார்ந்தது சாமானிய காரியமல்ல.

கவுண்டி தோறும் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்று இருக்கின்றது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கின்றது. ஆனால் 1965-ல் சிவில் உரிமைக் கமிஷன் விசாரித்தபோது, தென் மாகாணங்களின் கவுண்டிக் கமிட்டிகளில் கறுப்பு விவசாயிகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஓட்டுப் பெட்டி வைத்துவிட்டால் அது ஜனநாயகம் ஆகிவிடுமா? கடன் மறுக்கப்பட்டால் விதையில்லை, விதையில்லையேல் பயிரில்லை, பயிரில்லையேல் மான்யமில்லை, கடைசியில் நிலமுமில்லை. 1920-ல் 9 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த கறுப்பு விவசாயிகள் 2017-ல் 50 ஆயிரத்துக்கும் குறைந்து போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அவர்கள் வழக்குத் தொடுத்து, 1999-ல் ஒரு ராஜியும், 2010-ல் 125 கோடி டாலருக்கு மற்றொரு ராஜியும் ஏற்பட்டன. அந்நாட்டின் ஆதிக்குடிகளான செவ்விந்திய விவசாயிகளும் பண்ணைக்காரர்களும் 1999-ல் தொடுத்த வழக்கு 2010-ல் 68 கோடி டாலருக்கும், 8 கோடி டாலர் கடன் ரத்துக்கும் ராஜியாயிற்று. யாருடைய புல்வெளியைப் பிடுங்கி மந்தை நிறுத்தினார்களோ, அவர்களுக்கே மாடு வாங்கக் கடன் மறுத்த அநியாயம் இது!

நம் நாட்டிலும் 2019 முதல் மத்திய சர்க்கார் விவசாயிக்கு வருஷம் 6000 ரூபாய் கொடுக்கின்றது. நிலம் யார் பேரில் இருக்கின்றதோ அந்தக் குடும்பத்துக்குத்தான். பட்டாவில் பேர் இல்லாத குத்தகைக்காரனுக்கும் கூலிக்கும் அதில் இடமில்லை.

நாம் சொல்லுவது என்ன?

"அப்படியானால் மான்யமே கூடாது என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. வறட்சி எவன் பாபத்தாலும் வருவதல்ல. நாற்பது மாடு வைத்துப் பிழைக்கும் சிறு குடித்தனக்காரன் ஒரு வறட்சியில் மந்தையை விற்றுவிட்டால் மறுபடி எழுந்திருக்க மாட்டான். அவனுக்குச் சமூகம் கை கொடுப்பது தர்மமல்ல, தயவுமல்ல, கடமை. 1934 வறட்சியில் சர்க்கார் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளை விலை கொடுத்து வாங்கி, தின்னத் தகுந்த இறைச்சியை டப்பாக்களில் அடைத்து வேலையில்லாத ஏழைகளுக்குக் கொடுத்தது. அது மனிதன் மனிதனுக்குச் செய்த காரியம்.

நாம் சொல்லுவது இவ்வளவுதான். கஜானா கொடுத்ததைக் கடவுள் கொடுத்ததாகச் சொல்லாதே. பொதுப்பணம் வாங்கிக்கொண்டு, நான் யார் தயவிலும் வாழாதவன் என்று மார்தட்டாதே. நீ வாங்கினால் உரிமை, உன்னிலும் ஏழை வாங்கினால் பிச்சை என்று இரண்டு பெயர் வைக்காதே. கொடுக்கும் பணம் மாட்டை எண்ணிக் கொடுக்கப்படாமல், கஷ்டத்தை எண்ணிக் கொடுக்கப்படட்டும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லி முடிக்கின்றோம். அங்கே சுற்றுப்புறச் செயற்குழு என்ற ஒரு ஸ்தாபனம், எந்தக் கவுண்டியில் எவர் எவ்வளவு மான்யம் வாங்கினார் என்ற ஜாபிதாவை 2001 முதல் பகிரங்கமாக வெளியிட்டு வருகின்றது. மந்திரியானாலும் சரி, கோடீசுவரனானாலும் சரி, பேர் இருந்தால் இருக்கும். பயிர் மான்யத்தில் முக்கால் பங்குக்கு மேல், வாங்குபவர்களில் மேல்தட்டிலுள்ள பத்தில் ஒரு பங்கினருக்கே போகின்றது என்பதை அந்த ஜாபிதாவைக் கூட்டித்தான் கண்டுபிடித்தார்கள். ஜெபம் செய்தல்ல, கூட்டல் கணக்குப் போட்டு!

ஆகவே தோழர்களே, நீங்கள் உங்கள் ஊருக்குப் போனதும் சாமிக்கு எத்தனை தேங்காய் உடைத்தார்கள் என்று கேட்க வேண்டாம். வறட்சி நிவாரணம் வந்ததா, எவ்வளவு வந்தது, யார் பேரில் வந்தது, உழுதவன் கைக்கு எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள். கேட்பதற்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கின்றது. பத்து ரூபாய் கட்டணம், ஒரு கடுதாசி. ஒரு தேங்காய் விலைகூட ஆகாது. பதில் வந்தால் அதை ஊர்ச் சாவடியில் நின்று உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாதவன் பக்கத்தில் இருந்தால் அவன் பேரையும், அவனுக்கு வரவேண்டியதையும் அவனுக்குக் கேட்கும்படி இரண்டு தரம் படியுங்கள்.